பழைய தோட்டாவுக்குப் புது அட்டைப்பெட்டி



உர விலைக்கும் கரண்டுக்கும் நோட்டீஸ் போடுகிற சங்கத்துக்குத் துப்பாக்கித் தோட்டாவோடு என்ன வேலை என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ராணுவம் வேண்டாம் என்று கழித்துப்போட்ட தோட்டா எங்கே போகிறது, அதை யார் தலையில் கட்டுகிறார்கள், அதைப் பிரிக்கிற வேலைக்கு யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று தேடிப் பார்த்தோம். கடைசியில் கூலிக்கு வந்து நின்றது நம்மைப் போன்ற கிராமத்து ஜனங்கள்தான். அதனால்தான் இதை எழுதுகிறோம்.

நமக்குத் தோட்டா பழக்கமில்லை. 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம் பயிர்ப் பாதுகாப்புக்கு என்று பேர் சொல்லிக் குறிப்பிடுவது, வாய்வழியாக மருந்து கெட்டிக்கிற துப்பாக்கியைத்தான். ஆனால் மருந்து நமத்துப்போனால் என்ன ஆகும் என்பது அந்தத் துப்பாக்கி வைத்திருந்த நம் பெரியவர்களுக்கு நன்றாகத் தெரியும். பன்றி நிலக்கடலையைக் கிண்டிக்கொண்டு நிற்கும், இங்கே 'டிக்' என்று சத்தம் வரும், அவ்வளவுதான்.

ராணுவ ரைஃபிள் தோட்டாவிலும் அதே சமாச்சாரம்தான், உறை மட்டும்தான் வேறு. அடியில் ஒரு கேப்பு, உள்ளே மருந்து, முனையில் குண்டு, எல்லாவற்றையும் பிடித்துக்கொள்ள ஒரு கூடு. இந்த நான்கில் எது கெட்டாலும் தோட்டா கெட்டது. மருந்து தானாகவே மெல்ல மெல்லச் சிதையும் குணம் உடையது. அதைத் தடுக்கத்தான் தொழிற்சாலையிலேயே ஒரு மாற்று மருந்து கலந்து வைக்கிறார்கள். தகரக் கொட்டகைச் சூட்டில் வருஷக்கணக்கில் கிடந்தால் அந்தக் காப்பு சீக்கிரம் தீர்ந்துபோகும். அதற்குப் பிறகு ஒன்று வெடிக்கும், ஒன்று வெடிக்காது, ஒன்று விசையை இழுத்து ஒரு நொடி கழித்து வெடிக்கும். இந்த மூன்றாவது ரகம்தான் ஆபத்து. வெடிக்கவில்லையே என்று துப்பாக்கியைத் திறந்து பார்க்கிறவன் முகத்துக்கு நேராக வெடிக்கும்.

கூடு எப்படிக் கெடும் என்பதற்கு நம் நாட்டிலேயே நடந்த கதை உண்டு. வெள்ளைக்காரன் காலத்தில் மழைக்காலம் முழுவதும் தோட்டாவைக் குதிரை லாயத்தில் அடுக்கி வைத்தார்கள். மழை விட்டு எடுத்துப் பார்த்தால் பித்தளைக் கூடு கீறல் கீறலாக வெடித்திருந்தது. காரணம் குதிரை மூத்திரம்! அதிலிருந்து கிளம்புகிற அம்மோனியாதான் இழுவையில் இருக்கிற பித்தளையைப் பிளக்கிறது என்று 1921ல் விஞ்ஞானிகள் விளக்கிச் சொன்னார்கள். மாட்டுக் கொட்டகையில் மூக்கைத் துளைக்கிறதே, அதே அம்மோனியாதான்.

இன்னொன்றும் நமக்குப் பழக்கமான சரக்கு. பழைய ராணுவத் தோட்டாக்களில் பலவற்றின் கேப்பு மருந்து எரிந்த பிறகு குழலுக்குள் ஒரு உப்பை விட்டுவிட்டுப் போகும். அது பொட்டாசியம் குளோரைடு. மூட்டை மூட்டையாக வாங்கி வயலுக்கு வீசுகிறோமே பொட்டாஷ் உரம், அதுவேதான். காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்துக் குழலைத் துரு தின்ன வைத்துவிடும். எண்ணெய்த் துணியால் துடைத்தால் உப்பு போகாது, சுடுதண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். இதைச் சொல்லாமல் தோட்டாவை மட்டும் கொடுத்தால், கொஞ்ச நாளில் துப்பாக்கியும் போச்சு, குறியும் போச்சு.

குறி என்று சொன்னோம். பழைய தோட்டா என்றாலே மோசம் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. தகரத்தில் சீல் வைத்து, காய்ந்த இடத்தில் பாதுகாத்த இரண்டாம் உலகப்போர்த் தோட்டா இன்றைக்கும் ஒழுங்காக வெடிப்பதுண்டு. கேடு எங்கே வருகிறது என்றால் கலப்பில்தான். ஒரே மருந்தில் சேர்த்துச் செய்ததை ஒரு லாட் என்பார்கள். ஒரு லாட்டுத் தோட்டா ஏறக்குறைய ஒரே வேகத்தில் போகும். நாலு வருஷத்துச் சரக்கை ஒரு பெட்டியில் கொட்டிவிட்டால் ஒன்று வேகமாகப் போகும், ஒன்று தளர்ந்து கீழே இறங்கும். சுடுகிறவன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் குறி ஒரு இடத்தில் விழாது. போன வருஷ விதையையும் அதற்கு முந்தின வருஷ விதையையும் கலந்து விதைத்தவனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எனவே தோட்டாவின் தரத்தைக் காப்பது அதன் மேல் எழுதியிருக்கிற வருஷமும் லாட் நம்பரும்தான். அதை அழித்தவன் தரத்தையே அழித்தவன்.

இப்போது அல்பேனியாவுக்கு வாருங்கள். ஐரோப்பாவில் ஒரு சின்ன நாடு. 1960களிலும் 70களிலும் அதன் ஆட்சியாளர்கள் சீனாவோடு கூட்டாளி. கிடங்கு கிடங்காகச் சீனத் தோட்டா வந்து இறங்கியது. ஆட்சி மாறியது, தோட்டா அப்படியே கிடந்தது.

2007 ஜனவரியில் அமெரிக்க ராணுவம் ஆப்கானிஸ்தான் படைக்கும் போலீசுக்கும் தோட்டா வாங்க டெண்டர் கொடுத்தது. ஏறத்தாழ 30 கோடி டாலர்! கிடைத்தது யாருக்கு? மயாமி பீச் ஊரில் இருந்த ஏ.இ.ஒய். என்ற சின்னக் கம்பெனிக்கு. அதன் தலைவர் எஃப்ரைம் டிவெரோலிக்கு அப்போது வயசு 21. நமக்கு 10 ஆயிரம் பயிர்க்கடன் கொடுக்க அடங்கலும் சிட்டாவும் ஜாமீனும் கேட்கிறார்கள் என்பதை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அவர்கள் அல்பேனியக் கிடங்கில் கைவைத்தார்கள். பெட்டியைத் திறந்தால் சீன எழுத்து. சீன ஆயுதத்தை வாங்க அமெரிக்கச் சட்டம் இடம் கொடுக்காது. என்ன செய்தார்கள்? மரப்பெட்டியையும் தகரத்தையும் உடைத்து, தோட்டாவை வெளியே கொட்டி, அட்டைப்பெட்டியில் மாற்றிக் கட்டி விமானத்தில் ஏற்றினார்கள். 40 வயசு தாண்டிய தோட்டாவும் அதில் இருந்தது. சீல் போச்சு, பெட்டியில் இருந்த எழுத்தும் போச்சு. எது எந்த லாட் என்று இனி யார் சொல்வது? 2008 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை இதை வெளியே கொண்டுவந்தது.

டிவெரோலி 2009ல் குற்றத்தை ஒப்புக்கொண்டார், 2011 ஜனவரியில் நான்கு வருஷத் தண்டனை விதித்தார்கள். எதற்காக? சரக்கு சீனாவுடையது என்பதை மறைத்ததற்காக. வழக்கின் மையம் அதுதான். அந்தத் தோட்டா ஆப்கானிஸ்தானில் ஒரு சோதனைச்சாவடியில் நிற்கிற ஏழைப் போலீஸ்காரன் கையில் வெடிக்குமா வெடிக்காதா என்ற கேள்வி பின்னால் போய்விட்டது. எங்களுக்கு ஆத்திரம் வருவது இங்கேதான். தன் படைக்கு வாங்குகிற தோட்டாவை லாட் லாட்டாகச் சுட்டுப் பார்த்து வாங்குகிற அரசு, அடுத்த நாட்டு ஏழைக்குக் கொடுக்கிறபோது வருஷத்தைக்கூடச் சரியாகக் கேட்கவில்லை. ஓசியில் கொடுக்கிற மாட்டுக்குப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா என்று நினைத்திருப்பார்கள். உயிர் போகிற இடத்தில் நிற்கிறவன் பார்க்கத்தான் வேண்டும். 2016ல் இந்தப் பையன்களை வைத்து 'வார் டாக்ஸ்' என்று சினிமாவும் எடுத்துச் சம்பாதித்துவிட்டார்கள்.

அதே அல்பேனியாவில் கெர்டெக் என்று ஒரு கிராமம், தலைநகர் திரானாவுக்குப் பக்கம். அங்கே வேறொரு கம்பெனி பழைய ராணுவக் குண்டுகளைப் பிரித்து உலோகத்தைத் தனியாக எடுக்கும் வேலையை நடத்தியது. வேலைக்கு வந்தவர்கள் சுற்றுப்பட்டு கிராம ஜனங்கள். பெண்கள் இருந்தார்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் இருந்தார்கள். முறையான பயிற்சி இல்லை. 2008 மார்ச் 15ந் தேதி அந்த இடம் வெடித்தது. 26 பேர் பலி. சுமார் 300 பேருக்குக் காயம். நூற்றுக்கணக்கான வீடுகள் தரைமட்டம். ராணுவ மந்திரி ராஜினாமா செய்தார். மந்திரிக்கு வேறு பதவி கிடைக்கும், கையும் காலும் போன கூலிக்காரப் பெண்ணுக்கு என்ன கிடைக்கும்?

அது எங்கேயோ என்று இருந்துவிட முடியாது. மகாராஷ்டிராவில் வார்தா மாவட்டம் புல்காவ். கடன்பட்டுச் சாகிற பருத்தி விவசாயியின் விதர்பா மண். அங்கே ராணுவ வெடிமருந்துக் கிடங்கு இருக்கிறது. 2018 நவம்பர் 20ந் தேதி, காலாவதியான குண்டுகளை அழிக்கிற வேலையில் வெடித்து 6 பேர் இறந்தார்கள். பக்கத்து ஊர்களிலிருந்து ஒப்பந்தக்காரரிடம் கூலிக்கு வந்தவர்களும் அதில் உண்டு. அது ரைஃபிள் தோட்டா அல்ல, பெரிய ரகக் குண்டு. ஆனால் பெட்டியைத் தூக்கின தோள் நம் தோள்தான். விளைச்சல் கைவிட்டால்தானே இந்தக் கூலிக்கு ஒருத்தன் போகிறான்!

ஆகவே நாங்கள் கேட்பது இதுதான். கழித்த தோட்டாவோ குண்டோ, தொடுகிற வேலைக்குக் கிராமத்து ஆளைக் கூப்பிட்டால் அது எந்த வருஷத்துச் சரக்கு, எந்த லாட், எந்த நிலையில் இருக்கிறது என்று அவன் பாஷையில் சொல்லிவிட்டுக் கூப்பிட வேண்டும். பயிற்சி கொடுக்காமல் இறக்கக் கூடாது. அந்த ஊர்ப் பஞ்சாயத்துக்கு முன்கூட்டியே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இறந்தால் ஒப்பந்தக்காரரைக் கேள் என்று அதிகாரிகள் கைகாட்டக் கூடாது, பெட்டி யாருடையதோ பொறுப்பும் அவர்களுடையது.

ராணுவம் சுட்டுப் பழகும் மைதானத்துப் பக்கம் ஆடு மேய்க்கப் போகிற பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. பித்தளைக்கு ஆசைப்பட்டுக் கிடக்கிற தோட்டாவையோ குண்டையோ எடுக்காதீர்கள், கல்லால் தட்டாதீர்கள், வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். கிடக்கிற இடத்துக்குக் கொஞ்ச தூரத்தில் ஒரு அடையாளம் வைத்துவிட்டு, கிராம நிர்வாக அலுவலரிடமோ போலீசிடமோ சொல்லுங்கள். அவர்கள் வரவில்லை என்றால் சங்கத்தில் சொல்லுங்கள், நாங்கள் போய்க் கூட்டிவருகிறோம்.