மே மாதத் தாள்

சென்ற ஞாயிறு ஒரு கல்யாணப் பந்தி. பாயசத்துக்குக் காத்திருந்தபோது பக்கத்து இலை அத்தை எதிர் இலைக்காரரிடம் சொன்னார்: "மாசத்துல நாலு நாள் இவ மூஞ்சில முழிக்க முடியாது. அப்படியே அவ அம்மா. ரத்தத்துலயே இருக்கு." 'இவ' நான்தான். பாயசம் இறங்கவில்லை.

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். அத்தை சொன்னது பாதி சரி; எரிச்சல் இரட்டிப்பானது. மாதவிலக்குக்கு முன்னால் வரும் கடுமையான மனநிலைக் கோளாறை டாக்டர்கள் பி.எம்.டி.டி. என்கிறார்கள். அதில் மரபுக்குப் பங்கு உண்டு. ஆனால் ஹார்மோன் கூடியதாலோ குறைந்ததாலோ வருவதல்ல. 1998-ல் அமெரிக்க தேசிய மனநல நிறுவனத்தார் மருந்தால் சூலகத்துக்கு ஓய்வு கொடுத்துப் பார்த்தார்கள். பலருக்குத் தொல்லை அடங்கியது. ஹார்மோனைத் திருப்பிக் கொடுத்ததும் மறுபடி வந்தது. தொல்லை இல்லாத பெண்களுக்கு அதே மருந்து, அதே ஹார்மோன், ஒன்றும் ஆகவில்லை. எல்லா வீட்டுக்கும் ஒரே மழைதான், சில கூரைதான் ஒழுகுகிறது. 2017-ல் அதே நிறுவனத்தார், ஹார்மோனுக்கு மறுமொழி தரும் ஒரு மரபணுக் கூட்டம் இவர்களின் செல்களில் வேறு மாதிரி இயங்குவதைக் கண்டார்கள்.

அப்படியானால் இது சுபாவமா? சுபாவம் முப்பது நாளும் கூடவே இருக்கும். இதுவோ மாதவிலக்கு தொடங்கிய சில நாளில் விலகிவிடும். இரண்டையும் பிரித்துச் சொல்ல ரத்தப் பரிசோதனை கிடையாது. குறைந்தது இரண்டு மாதம், அன்றன்றைய மனநிலையைத் தேதி போட்டுக் குறித்து வரவேண்டும்.

தேதி! வந்துவிட்டாளா காலண்டருக்கு என்று நீங்கள் முனகுவது கேட்கிறது. வந்துவிட்டேன். எங்கள் வீட்டுக்காரர் நாளைய தாளையும் சேர்த்து இன்றே கிழிப்பவர் என்று இந்தப் பத்தியில் எத்தனை வாரம் அழுதிருக்கிறேன். இப்போது பாருங்கள், கிழித்துப் போட்டதெல்லாம் மருத்துவ ஆவணம்!

அம்மாவிடம் மளிகைக்கடை மாதக் காலண்டர் இருந்தது. பால் கணக்கு, சிலிண்டர் வந்த நாள், மூலையில் யாருக்கும் விளங்காத ஒரு சின்னப் புள்ளி. பெரியவளான பிறகுதான் அந்தப் புள்ளி எனக்கு விளங்கியது. இந்த வாரம் பரணிலிருந்து ஒரு சுருளை இறக்கினேன். ஏப்ரல் 18: 'நாளை முதல் பால் வேண்டாம்.' 22-ல் புள்ளி. 24: 'பால் வரட்டும்.' பால்காரர் என்ன பாவம் செய்தாரோ.

ஒரு மாதம் சாட்சியாகாது, இரண்டாவது வேண்டும். ஆவலோடு புரட்டினேன். ஏப்ரலுக்குப் பிறகு ஜூன்.

மே மாதத் தாள், அண்ணனின் புவியியல் புத்தகத்துக்கு அட்டையாகப் போயிருந்தது.