வண்டி எப்போது சூடாகிறது?

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் சித்திரை வைகாசியில் மெக்கானிக்குகள் அதிகம் கேட்கும் புகார் "வண்டி ஹீட்டாகுது" என்பதுதான். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு யாராலும் வேலையைத் தொடங்க முடியாது. எப்போது ஹீட்டாகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கடைவீதி நெரிசலில் ஊர்ந்துகொண்டிருக்கும்போது முள் ஏறி, நான்குவழிச் சாலையில் வேகம் பிடித்ததும் இறங்கிவிடுகிறதா? அல்லது ஊருக்குள் ஒழுங்காக இருந்துவிட்டு, தூத்துக்குடி சாலையில் எண்பதைத் தாண்டிய பிறகு ஏறுகிறதா?

இரண்டும் வேறு வேறு கோளாறுகள். வண்டி நிற்கும்போது ரேடியேட்டருக்குள் காற்றை இழுப்பது மின்விசிறி மட்டுமே. ஓடும்போது எதிர்க்காற்றே அந்த வேலையைச் செய்துவிடும். ஆகவே ஓடினால் சூடு தணிகிறது என்றால் தண்ணீர், பம்பு, ரேடியேட்டர் எல்லாம் பெரும்பாலும் சரியாகவே இருக்கின்றன, விசிறிதான் சுற்றவில்லை. ஓடும்போது சூடு ஏறுகிறது என்றால் காற்றுக்குக் குறைவில்லை. ரேடியேட்டர் உள்ளே அடைத்திருக்கலாம், வெளியே தூசி மூடியிருக்கலாம், கூலன்ட் குறைந்திருக்கலாம், தெர்மோஸ்டாட் திறக்காமல் இருக்கலாம், பம்பு தளர்ந்திருக்கலாம். இந்தக் கேள்வியைக் கேட்காமல் வேலையில் இறங்கினால், ஒரு ஃபியூஸ் போனதற்கு ரேடியேட்டரையே மாற்ற நேரும்.

வீட்டில் காரைப் பார்ப்பது என்று இங்கே சொல்வது இதைத்தான். எல்லோரும் ஸ்பேனர் பிடிக்க வேண்டியதில்லை. ஊர் மெக்கானிக்கின் கைத்திறனுக்கு மாற்றாக ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு இன்ஜினைப் பிரிப்பதும் சரியில்லை. ஆனால் கோளாறு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைச் சொந்தக்காரர் பிரித்தறிந்துவிட்டால் பாதிச் செலவு மிச்சம். சில உதிரிப் பாகங்கள் மதுரையிலிருந்து வரும்வரை காத்திருக்க வேண்டிய ஊர்களில், தவறான பாகத்தை வரவழைப்பது பணத்தோடு நாளையும் தின்றுவிடும்.

விசிறியைச் சோதிப்பது எளிது. வண்டியை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, இன்ஜினை ஓடவிட்டு ஏசியைப் போடுங்கள். பெரும்பாலான கார்களில் சிறிது நேரத்துக்குள் விசிறி சுற்றத் தொடங்கும். சுற்றவில்லை என்றால் இன்ஜினை அணைத்துவிட்டு பானெட்டுக்குள் இருக்கும் ஃபியூஸ் பெட்டியைத் திறங்கள். எந்த ஃபியூஸ் எதற்கு என்ற படம் மூடியின் உட்புறத்திலேயே இருக்கும். ஃபியூஸ் நன்றாக இருந்தால் அடுத்தது ரிலே. அதே எண் போட்ட இன்னொரு ரிலே, ஹாரனுக்கு உள்ளதாகக்கூட இருக்கலாம், அந்தப் பெட்டியிலேயே இருந்தால் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். விசிறி சுற்றினால் கோளாறு ரிலேயில். இல்லையென்றால் விசிறி மோட்டாரையோ வயரையோ எலக்ட்ரீஷியன் பார்க்க வேண்டும். சூடான வண்டியில் இன்ஜினை அணைத்த பிறகும் விசிறி தானாகச் சுற்றத் தொடங்கலாம்; தோளில் துண்டோ முந்தானையோ தொங்க அருகே குனியாதீர்கள்.

ரேடியேட்டர் மூடியைப் பற்றி எத்தனை முறை எச்சரித்தாலும் தகும். அந்த மூடி உள்ளே ஏறத்தாழ ஒரு வளிமண்டல அளவு கூடுதல் அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. அதனால்தான் 100 டிகிரியில் கொதிக்க வேண்டிய தண்ணீர் 120 டிகிரி வரை கொதிக்காமல் நிற்கிறது. சூட்டோடு மூடியைத் திருகினால் அழுத்தம் போய்விடும். உள்ளே இருப்பது அந்த நொடியே கொதித்து ஆவியாக முகத்துக்கு வரும். குறைந்தது அரைமணி நேரம் பொறுங்கள். மேல் ஹோஸைக் கையால் தொட முடிந்து, அமுக்கினால் இளகிக் கொடுத்தால் மட்டும் திறக்கலாம். கூலன்ட் அளவையும், பிளாஸ்டிக் தொட்டியில் இருக்கும் இரண்டு கோடுகளுக்கு நடுவே, வண்டி ஆறியிருக்கும் காலை நேரத்தில்தான் பார்க்க வேண்டும்.

இனி நம் வட்டாரத்துக்கே உரிய தொல்லை. திருச்சுழி, நரிக்குடி, காரியாபட்டிப் பக்கத்துக் கிராமங்கள் பலவற்றில் போர் தண்ணீர் உப்பு. அந்தத் தண்ணீரில் உலை வைத்தால் இட்லிப் பானையின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே படிவம் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் படிகிறது. படிவம் சூட்டை வெளியே விடாது, குழாயையும் அடைத்துவிடும். உப்பு அலுமினியத்தையும் அரிக்கும். ஒரு கோடையில் தண்ணீர் குறைந்ததும் குழாயடியில் ஒரு குடம் பிடித்து ஊற்றுவது, அடுத்த கோடையின் கோளாற்றை இந்தக் கோடையிலேயே விதைப்பதுதான். பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்டு வாட்டரைக் கூலன்டோடு கலந்து ஊற்றுங்கள். அதே கடையில் ஆசிட்டும் கேனில் இருக்கும்; லேபிளைப் பார்த்து வாங்குங்கள்.

பனியே உறையாத ஊரில் ஆன்டிஃப்ரீஸ் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். உறையாமல் காப்பது அதன் ஒரு வேலை மட்டுமே. கூலன்டில் உள்ள கிளைக்கால் கொதிநிலையை உயர்த்துகிறது. அதில் கலந்திருக்கும் துருத்தடுப்பு வேதிப்பொருள்கள் பம்பையும் ரேடியேட்டரையும் காக்கின்றன. நமக்கு வேண்டியது இவைதான். பச்சை, சிவப்பு, நீலம் என்ற நிறத்தைப் பார்த்து வாங்குவதிலும் பயனில்லை. நிறத்துக்குப் பொது விதி எதுவும் கிடையாது. காரோடு வந்த கையேட்டில் எந்த வகை என்று போட்டிருக்கும், அதையே கேட்டு வாங்க வேண்டும். சில கேன்கள் தண்ணீர் சேர்க்காமல் அப்படியே ஊற்றுவதற்கானவை. அதையும் லேபிளில் பாருங்கள்.

இன்னொரு பழக்கம் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போடுவது. "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு" என்ற யோசனையில் பிறந்தது. அம்பாசடர் ஓடிய காலத்தில் அதனால் பெரிய நஷ்டம் கண்ணுக்குத் தெரியவில்லை. இன்றைய கார் அப்படியல்ல. தெர்மோஸ்டாட் 80-லிருந்து 90 டிகிரி வாக்கில் திறந்து, இன்ஜினை அதற்கு உகந்த சூட்டில் வைத்திருக்கிறது. அது இல்லையென்றால் இன்ஜின் இன்னும் குளிர்ந்திருப்பதாகவே வண்டியின் கணினி நினைத்து, எரிபொருளைக் கூடுதலாகத் தெளிக்கும். மைலேஜ் குறையும், செக் இன்ஜின் விளக்கு எரியும். சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே பக்கவழியையும் மூடுகிறது. அதைக் கழற்றிவிட்டால் சூடான கூலன்டில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமலே இன்ஜினுக்குத் திரும்பும். குளிர்விக்கச் செய்த காரியமே சூட்டை ஏற்றும். கெட்டுப்போனால் புதிது போடுங்கள். எடுத்துவிட்டு ஓட்டாதீர்கள்.

போகும் வழியில் முள் ஏறுவதைக் கண்டால் முதலில் ஏசியை அணையுங்கள். கண்ணாடிகளை இறக்கிவிட்டு ஹீட்டரை முழுச் சூட்டில் வையுங்கள். மே மாத வெயிலில் ஹீட்டரா என்று தோன்றும். ஆனால் ஹீட்டருக்குள் இருப்பது ஒரு சின்ன ரேடியேட்டர்தான். இன்ஜின் சூட்டில் ஒரு பங்கை அது வெளியே எடுத்துவிடும். ஓரிரு நிமிடத்தில் இறங்கவில்லை என்றாலோ, சிவப்பு விளக்கு எரிந்தாலோ ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்துங்கள். சிறிய கார்கள் பலவற்றில் முள் கிடையாது, அந்தச் சிவப்பு விளக்கு மட்டும்தான். அது எரியும்போதே காலதாமதம் ஆகிவிட்டது என்று பொருள். சூடான இன்ஜினின் மேல் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் உலோகம் விரிசல் விடக்கூடும். "இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தான், ஊர் வந்துரும்" என்று ஓட்டுவதால்தான் ஹெட் கேஸ்கெட் போகிறது. சாதாரண வாகனக் காப்பீடு இயந்திரக் கோளாற்றுக்குப் பணம் தராது. அந்த இரண்டு கிலோமீட்டரின் செலவு முழுக்க உங்களுடையது.

கேஸ்கெட் போனதற்கு அடையாளங்கள் உண்டு. கீழே ஒரு சொட்டுக்கூட ஒழுகாமல் கூலன்ட் குறையும். ஆயில் மூடியின் உட்புறம் பால்காப்பி நிறத்தில் படிந்திருக்கும். இன்ஜின் ஓடும்போது கூலன்ட் தொட்டியில் குமிழ் விடும். சைலன்சரில் வெள்ளை ஆவி நிற்காமல் வரும். குளிர்நாடுகளில் காலை ஆவி சாதாரணம், கரிசல் காட்டுக் கோடையில் அது சாதாரணம் அல்ல. இவற்றில் இரண்டு சேர்ந்திருந்தால் ஸ்டார்ட் செய்யாமல் கட்டி இழுத்துப் போங்கள்.

ஸ்டார்ட் ஆகாத வண்டிக்கும் இதே முறைதான்: முதலில் பிரித்துப் பார்ப்பது. சாவியைத் திருப்பினால் டக்டக்கென்று தொடர்ந்து சத்தம் வந்து விளக்கெல்லாம் மங்கினால் பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது டெர்மினல் சரியாகப் பிடிக்கவில்லை. விளக்கு பிரகாசமாக இருக்க, ஒரே ஒரு டக் சத்தத்தோடு நின்றால் செல்ஃப் மோட்டாரைச் சந்தேகிக்கலாம். செல்ஃப் நன்றாகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்கவில்லை என்றால் பேட்டரியைக் குறை சொல்லாதீர்கள். எரிபொருளோ, பிளக்கோ, சாவியின் சிப்போ காரணமாக இருக்கும்.

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்டிமீட்டர் கார் உள்ள வீட்டில் இருக்க வேண்டும். இரவெல்லாம் நின்ற வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் நிறைவு, 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே என்றால் காலி. இன்ஜின் ஓடும்போது 13.8-க்கும் 14.5-க்கும் இடையில் இருக்க வேண்டும். அப்போதும் 12-ஐ ஒட்டியே நின்றால் பேட்டரி மேல் தவறில்லை. பெல்ட்டோ, மெக்கானிக்குகள் டைனமோ என்று சொல்லும் ஆல்டர்நேட்டரோ சார்ஜ் தரவில்லை. இதைப் பார்க்காமல் புது பேட்டரி மாட்டினால் அதுவும் சில நாளில் படுத்துவிடும். டெர்மினலில் பூத்திருக்கும் வெள்ளை, பச்சைப் பொடியை ஆப்பச் சோடா கலந்த வெந்நீரால் கழுவி, துடைத்து, இறுக்கினாலே பல வண்டிகள் எழுந்துவிடும். கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். பிளஸ்ஸைக் கழற்றும் ஸ்பேனர் வண்டி பாடியில் பட்டாலும் தீப்பொறி பறக்காமல் இருக்கத்தான் இந்த வரிசை. பேட்டரியைத் தேய்ப்பது கோடை வெயில். அது வெளியே தெரிவதோ பெரும்பாலும் மார்கழிக் காலையில். அதனால் பங்குனியிலும் ஐப்பசியிலும் ஒருமுறை மீட்டர் வைத்துப் பார்த்துவிடுவது நல்லது.

தூசியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். ஆடிக் காற்றில் மண் பறக்கும் வண்டிப்பாதைகளில் ஓடும் காருக்குக் கையேட்டில் போட்டிருக்கும் ஏர் ஃபில்டர் கணக்கு பொருந்தாது, முன்கூட்டியே திறந்து பார்க்க வேண்டும். காகித ஃபில்டரைக் கழுவக் கூடாது. கிழிந்திருந்தால் உடனே மாற்றுங்கள். உள்ளே போகும் மண் இன்ஜினைத் தேய்த்துவிடும். ஏசி குளிரவில்லை என்றால் கேஸ் நிரப்பச் சொல்வதற்கு முன் கேபின் ஃபில்டரையும், ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டன்சரில் மண் அப்பியிருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

டயரில் சீமைக்கருவேல முள் தைத்திருந்தால் உடனே பிடுங்காதீர்கள். ட்யூப்லெஸ் டயரில் பல நேரம் அந்த முள்ளே ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கும். சோப்புத் தண்ணீர் ஊற்றிக் குமிழ் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் பஞ்சர் கடைக்குப் போய்ப் பிடுங்கலாம். வெயிலில் டயர் வெடித்துவிடும் என்று பயந்து காற்றைக் குறைத்து வைப்பவர்கள் இங்கே நிறைய. உண்மை இதற்கு நேர்மாறு. காற்று குறைந்தால் டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் கூடுதலாக மடங்கி விரிகிறது. அந்த மடிப்புதான் சூட்டைக் கிளப்பி நான்குவழிச் சாலையில் டயரைக் கிழிக்கிறது. ஓடும்போது அழுத்தம் ஏறும் என்பதைக் கணக்கில் வைத்துத்தான் கம்பெனி அளவைச் சொல்லியிருக்கிறது. அது பெரும்பாலும் டிரைவர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் தாளில் இருக்கும். வண்டி ஓடுவதற்கு முன், காலையில், அந்த அளவுக்கு வையுங்கள்.

கடந்த பத்தாண்டுகளில் வந்த கார்களில் ஸ்டீயரிங்குக்குக் கீழே ஓபிடி துளை இருக்கும். அதில் ஒரு சிறு கருவியைச் செருகினால் செக் இன்ஜின் விளக்கு ஏன் எரிகிறது என்ற குறியீடு போனில் தெரியும். நல்ல வசதி. ஆனால் குறியீடு அறிகுறியைச் சொல்கிறதே தவிர, மாற்ற வேண்டிய பாகத்தைச் சொல்வதில்லை. பி0171 என்று வந்தால், எரிபொருளுக்குக் காற்று அதிகம் என்பது மட்டுமே பொருள். விரிசல் விட்ட ஹோஸ், அழுக்கேறிய காற்றளவு சென்சார், அழுத்தம் குறைந்த பெட்ரோல் பம்பு, மூன்றில் எதுவும் காரணமாகலாம். குறியீட்டைப் பார்த்தவுடன் ஆக்சிஜன் சென்சார் வாங்குவது வீண். அழித்தும் விடாதீர்கள், கோளாறு வந்த நேரத்தில் இன்ஜின் சூடு, வேகம் எவ்வளவு என்ற பதிவும் அதோடு போய்விடும். மெக்கானிக்குக்கு அது வேண்டும்.

சில வேலைகள் வீட்டில் கூடவே கூடாது. பிரேக், ஏர்பேக், பெட்ரோல் லைன், மின்சாரக் காரின் ஆரஞ்சு நிற வயர்கள் ஆகியவற்றை அதற்கென்று பயின்றவர்களிடம் விடுங்கள். ஜாக்கி மட்டும் தாங்கும் வண்டிக்கு அடியில் ஒருபோதும் நுழையாதீர்கள். ஸ்டெப்னி மாற்றும்போது கரிசல் மண்ணில் கூடுதல் கவனம் வேண்டும்: மழைக்குப் பிறகு ஜாக்கி புதையும், காய்ந்த காலத்தில் வெடிப்பின் ஓரம் உடையும். கனமான பலகை ஒன்றை டிக்கியில் வைத்திருந்து அதன் மேல் ஜாக்கியை நிறுத்துங்கள். நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே தளர்த்திவிட வேண்டும். வண்டியைத் தூக்கியதும் ஸ்டெப்னியை ஜாக்கிக்கு அருகே வண்டிக்கு அடியில் படுக்கப் போடுங்கள். பழைய சக்கரத்தைக் கழற்றிய பிறகு அதை அந்த இடத்தில் வைத்துவிட்டு ஸ்டெப்னியை எடுங்கள்.