'தகுதி' பேசுவோர் இந்தப் படிவத்தை நிரப்பிப் பார்க்கட்டும்

பத்து மாதமாக ஒரு படிவத்தோடு மல்லுக்கட்டிக் கொண்டிருக்கிறேன். இங்கிலாந்தில் 'கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்' என்று சொல்லிக்கொள்ள ஹெச்.சி.பி.சி எனப்படும் ஒழுங்குமுறை மன்றத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். 2009 முதல் அந்தப் பட்டப்பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. பதிவில்லாமல் போட்டுக்கொண்டால் குற்றம்.

ஊரில் எம்.ஃபில் முடித்து ஆறு ஆண்டு மனநோயாளிகளோடு வேலை செய்த நான், இங்கே ஒரு மனநல வார்டில் உதவியாளர். சாப்பாட்டுத் தட்டு எடுத்துக் கொடுப்பேன், இரவில் கண்விழித்துப் பார்த்துக்கொள்வேன். இதை நான் இழிவாக நினைக்கவில்லை. அரசு மருத்துவமனையில் துப்புரவு வேலை பார்த்துத்தான் அம்மா என்னைப் படிக்க வைத்தார்.

என்னைப் போல வந்த இந்திய உளவியலாளர்கள் கூடினால் ஒரே புலம்பல்தான். "ஒரு மனுஷனோட திறமையை ஒரு காகிதத்தை வெச்சு எடை போடலாமா?" "வெள்ளைக்காரன் போட்ட கோட்டுக்கு நாம ஏன் நிக்கணும்?" அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் இதைச் சொல்பவர்களில் சிலரை எனக்குக் கல்லூரி நாட்களிலிருந்தே தெரியும். கட்-ஆஃப் மதிப்பெண்தான் தகுதி, இடஒதுக்கீடு தரத்தைக் கெடுத்துவிட்டது என்று மெஸ்ஸில் எங்கள் காதுபடப் பேசியவர்கள். அளவுகோல் தங்கள் கையில் இருந்தவரை அது தகுதி. அடுத்தவன் கைக்குப் போனதும் அது அநீதி!

சரி, அந்தப் படிவம் என்னதான் கேட்கிறது? படித்த ஒவ்வொரு பாடத்தின் விவரம், மேற்பார்வையில் செய்த பயிற்சி எத்தனை மணி நேரம், எந்த வகை நோயாளிகள், யார் மேற்பார்வையாளர் என்பதை எல்லாம் கேட்கிறது. ஆங்கிலப் புலமைக்கு ஐ.இ.எல்.டி.எஸ்-இல் 7. பரிசீலனைக் கட்டணமே பல நூறு பவுண்டு. பார்க்க எல்லோருக்கும் பொதுவான கேள்விகள்தான். பதில் வாங்கப் போகும்போதுதான் சாதி குறுக்கே வந்து உட்கார்கிறது.

என் துறையில் பழைய பாடத்திட்டம் "தேடணும்" என்றார்கள். விழுப்புரத்திலிருந்து தம்பி நான்கு முறை பஸ் ஏறிப் போனான். எனக்கு மேற்பார்வையாளராக இருந்த பேராசிரியர், "நீயெல்லாம் லண்டன் வரைக்கும் போயிட்டியா?" என்று சிரித்தார். அவர் கையெழுத்துப் போட மூன்று மாதம் ஆனது. அதே கையெழுத்து என் வகுப்புத் தோழி ஒருத்திக்கு ஒரே வாரத்தில் கிடைத்தது. அவளுடைய மாமாவும் பேராசிரியரும் நண்பர்கள். படிவம் இதையெல்லாம் கேட்பதில்லை.

ஒழுங்குமுறையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆறு மாத சான்றிதழ் வைத்துக்கொண்டு 'கவுன்சிலர்' போர்டு மாட்டுபவர்களிடம் சிக்கிச் சீரழிந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். நம் நாட்டில் மருத்துவ உளவியலாளர்களைப் பதிவு செய்வது 1992 சட்டப்படி அமைந்த இந்திய மறுவாழ்வு கவுன்சில். அதற்கான வழியாக இருந்த எம்.ஃபில் படிப்பையே 2022இல் யு.ஜி.சி நிறுத்தியது. பிறகு மருத்துவ உளவியலுக்கு 2025-26 வரை விலக்கு தந்தது. நம் வீட்டிலேயே தரை ஆடிக்கொண்டிருந்தால், வெளிநாட்டில் உட்கார்ந்து மதிப்பிடுபவர் எதை நம்புவார்?

என்னை அதிகம் உறுத்துவது வேறு. வெவ்வேறு பின்னணி கொண்ட மக்களோடு எப்படிப் பணியாற்றினீர்கள் என்று விளக்கும் இடத்தில், விடுதி மாணவன் ஒருவனைப் பற்றி எழுதினேன். அவன் கோப்பில் இருந்தது 'சமூகப் பதற்றம்' என்ற இரண்டு சொற்கள். அவனோ, யாராவது "நீ எந்த ஊர், எந்தத் தெரு?" என்று கேட்டாலே மூச்சுத் திணறுபவன். அது சாதி தந்த பதற்றம் என்று கண்டுகொண்டதுதான் என் சிகிச்சையின் தொடக்கம். எழுதினேன், அழித்தேன், மறுபடி எழுதி அனுப்பினேன். இந்த அனுபவம் எந்தத் திறன் அளவுகோலோடு பொருந்துகிறது என்று விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது.

கேட்டவர் மேல் குற்றமில்லை. பிரிட்டனின் 2010 சமத்துவச் சட்டம் பட்டியலிடும் 9 பண்புகளில் சாதி இல்லை. சாதியையும் சேர்க்க வேண்டும் என்று 2013இல் நாடாளுமன்றம் சட்டம் போட்டது. 2018இல் அரசு அதைக் கைவிட்டது. சட்டத்தில் பெயரில்லாத காயத்துக்குப் படிவத்தில் மட்டும் கட்டம் எங்கிருந்து வரும்? ஆனால் அந்தக் காயத்தோடு வருபவர்கள் இங்கேயும் இருக்கிறார்கள். அவர்கள் முன்னால் உட்கார இதை அறிந்த உளவியலாளர்கள் வேண்டும்.

கொலம்பியாவில் படித்துத் திரும்பிய அண்ணலுக்கு 1917இல் பரோடாவில் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. வெளிநாட்டுப் படிப்பைச் சொந்த நாட்டின் சாதி மதிக்கவில்லை. இன்று நம் படிப்பு வெளிநாடு போகும்போதும் அதே சாதி கையெழுத்துப் பேனாவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

ஆகவே சில கோரிக்கைகள். பல்கலைக்கழகங்கள் பாடத்திட்டத்தையும் பயிற்சி மணிநேரத்தையும் பொதுவில் வெளியிட வேண்டும். பயிற்சிச் சான்றை எவருடைய தயவுமின்றிப் படிப்பு முடியும் நாளிலேயே தர வேண்டும். வெளிநாட்டில் பட்டம் படிக்க உதவித்தொகை தரும் ஒன்றிய, மாநில அரசுகள், ஏற்கெனவே படித்துவிட்டு அங்கே பதிவுபெறப் போராடும் பிள்ளைகளின் செலவையும் ஏற்க வேண்டும். பிரிட்டனில் வாழும் தமிழ் அமைப்புகள் பொங்கல் விழாவோடு நிற்காமல், சாதியைச் சட்டத்தில் சேர்க்கும் கோரிக்கையைக் கையில் எடுக்க வேண்டும்.

உளவியல் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். இன்றே ஒரு நோட்டுப் போடுங்கள். தேதி, எத்தனை மணி நேரம், என்ன வேலை என்று எழுதி, வாரா வாரம் மேற்பார்வையாளரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். நமக்காகத் தொலைபேசியில் பேச மாமா யாரும் இல்லை. அந்த நோட்டு பேசட்டும்.

கடிதத்துக்கு நான் ஏழு பக்கம் பதில் எழுதியிருக்கிறேன். அந்த மாணவனை நீக்கவில்லை.