பஸ் காசு போதும்



நியூசிலாந்தில் ரொட்டொருவா என்றொரு ஏரிக்கரை ஊர் இருக்கிறது. நிலத்தடிச் சூட்டில் அங்கே சேறு கொதிக்கும், தெருவோரத்தில் ஆவி புகையும். காசு வாங்கிக்கொண்டு காட்டும் இடங்கள் அங்கே ஏராளம். ஆனாலும் ஊருக்குள்ளேயே இருக்கும் குய்ராவ் பூங்காவில் கொதிக்கும் குளங்களைச் சும்மாவே பார்த்துவிட்டு வரலாம். முதுகுப் பையோடு ஊர் சுற்றும் பிள்ளைகளுக்கு அது வரப்பிரசாதம்.

நம் இலங்கையில் வெந்நீர் ஊற்று வேண்டுமென்றால் திருகோணமலைப் பக்கம் கன்னியா மாதிரி இடங்களுக்குத்தான் போகவேண்டும். மலையகத்துத் தண்ணீர் பல்லைக் கிட்ட வைக்கும். ஆனால் ஏரிக்கரையும் வேண்டும், செலவும் கூடாது என்கிறவர்கள் ஹட்டனில் பஸ் ஏறினால் போதும்.

விடுமுறைக்குப் பிள்ளைகளை எங்கே கூட்டிப் போவது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: காசல்ரீ நீர்த்தேக்கத்தில் தொடங்கி, நோட்டன் பிரிட்ஜ், லக்ஷபான வழியாக, தண்ணீர் இறங்கும் திசையிலேயே பொல்பிட்டிய வரை இறங்குங்கள். பஸ் மாறி மாறித்தான் போகவேண்டியிருக்கும். அவசரக்காரர்களுக்கு இந்தப் பாதை ஒத்துவராது.

இந்த மலைத் தண்ணீரில் மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் விமலசுரேந்திர 1918இலேயே எழுதி வாசித்தார். லக்ஷபானவில் முதல் மின்நிலையம் ஓடத் தொடங்கியது 1950இல். 1965இல் காசல்ரீ அணையும் நோட்டனில் அவர் பெயரிலேயே ஒரு மின்நிலையமும் வந்தன. 1969இல் மவுஸ்ஸாகலை அணையும் பொல்பிட்டிய மின்நிலையமும் வந்தன. மேலே ஒரு நிலையத்தில் வேலை செய்துவிட்டு வரும் தண்ணீரை, சுரங்கத்துக்குள் விட்டு, கீழே இன்னொரு நிலையத்திலும் வேலை வாங்குகிறார்கள். நம்மைப் போலவே அதற்கும் ஓய்வு கிடையாது. அனுமதி இல்லாமல் மின்நிலையத்துக்குள் விடமாட்டார்கள். சரிவில் இறங்கும் பெருங்குழாய்களை வெளியே நின்றே பார்க்கலாம். கெசல்கமுவ ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் பொல்பிட்டியப் பக்கம் ஒன்றுசேர்ந்துதான் களனி கங்கை ஆகிறது. கொழும்பில் கடலில் விழும் ஆறு இங்கே பிறப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்ட எந்த டிக்கெட்டும் வேண்டாம்.

ஒன்றை மட்டும் அவர்களுக்குச் சொல்லிவைப்பது நல்லது. நாட்டுக்கே வெளிச்சம் கொடுத்த இந்த மலைகளில், பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லயன் காம்பிராக்கள் பலவற்றில் வெகுகாலம் குப்பி விளக்குதான் எரிந்தது.

வறட்சிக் காலத்தில் போகிறவர்கள் மஸ்கெலியாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மவுஸ்ஸாகலை கட்டியபோது பழைய மஸ்கெலியா நகரம் நீருக்கடியில் போனது. நீர்மட்டம் நன்றாக இறங்கும் ஆண்டுகளில் அந்தப் பழைய ஊரின் கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் இருந்த இடங்கள் வெளியே தெரியும். செய்தி கேட்டு அங்கே கூடுகிறவர்களில் அந்த ஊரில் பிறந்த வயசாளிகளும் இருப்பார்கள். தங்கள் வீடு எங்கே இருந்தது என்று அவர்கள் கை நீட்டிக் காட்டுவதைப் பார்த்தபிறகு வேறெந்தக் காட்சியும் எனக்குப் பெரிதாகத் தோன்றியதில்லை.

டெவோன், சென்கிளயர் நீர்வீழ்ச்சிகளையும் ரோட்டில் நின்றே பார்க்கலாம்தான். ஆனால் மேல் கொத்மலைத் திட்டம் வந்தபின் சென்கிளயருக்கு அளந்துதான் தண்ணீர் விடுகிறார்கள். என்னைக் கேட்டால் லக்ஷபான நீர்வீழ்ச்சிதான். ஏறத்தாழ 126 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது.

நம் ஆட்களிடம் ஒரு குறை உண்டு. கொழுந்து பறித்த மலையைச் சுற்றிப் பார்க்கும் இடமாக நாம் நினைப்பதில்லை. வெள்ளைக்காரப் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு நடக்கும் ரோடு நம் பாட்டன்மார் கல் உடைத்துப் போட்ட ரோடு. அதில் உல்லாசமாக நடக்க நமக்கு இல்லாத உரிமையா?

மேமாதத்துக்குப் பிறகு அந்தப் பக்கம் மழை கொட்டும், அட்டை ஏறும், மண்ணும் சரியும். ஜனவரியிலிருந்து மார்ச் வரை போவது உத்தமம். நீர்த்தேக்கத்திலோ அணைக்குக் கீழே ஆற்றிலோ இறங்கிக் குளிக்காதீர்கள். கதவு திறந்தால் தண்ணீர் சொல்லிக்கொண்டு வராது. டிக்கெட்டில் மிச்சம்பிடித்த காசுக்கு வழியில் உள்ள சின்னக் கடையில் ரொட்டியும் கட்டைச் சம்பலும் பிளேன்டீயும் வாங்கிச் சாப்பிடுங்கள். கொண்டுபோகும் பொலித்தீன் பைகளை மறக்காமல் வீட்டுக்கே திருப்பிக் கொண்டுவாருங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்