வாய் நேரானதோடு முடிந்துவிடுகிறதா?

திருநெல்வேலி வண்ணார்பேட்டைப் பக்கம் யாருக்காவது திடீரென்று வாய் கோணிக்கொண்டால், ‘காத்து அடிச்சிருக்கும்’ என்பதுதான் முதலில் வரும் பேச்சு. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்ததன் மேல் பழி விழும். உண்மையில் முகத்தசைகளை இயக்கும் ஏழாவது நரம்பு, காதருகே எலும்புக்குள் ஓடும் குறுகிய பாதையில் வீங்கி நசுங்கியிருக்கிறது. கை கால் பலவீனமோ பேச்சுக் குழறலோ சேர்ந்து வந்தால் அது பக்கவாதமாக இருக்கலாம். உடனே ஓட வேண்டும். நரம்பு வீக்கத்தால் வரும் இந்த முகவாதம் மட்டும்தான் என்றால், மூன்று நாளுக்குள் ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கியவர்களில் பெரும்பாலோர் தேறிவிடுகிறார்கள். இந்தி நடிகர் அனுபம் கேர் ‘ஹம் ஆப்கே ஹைன் கோன்’ படப்பிடிப்பின்போது இது வந்தும் நடித்து முடித்தார்.

முழுதாகத் தேறாதவர்களைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை.

நசுங்கிய நரம்பு நாளுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் வளரும். அப்போது இழைகள் தடம் மாறி வேறு தசையில் போய்ச் சேர்வதுண்டு. சூடான டீயை ஊத உதட்டைக் குவித்தால் கண் சுருங்கி மூடும். சிரித்தால் கழுத்து இழுக்கும். உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் போக வேண்டிய இழை கண்ணீர்ச் சுரப்பியைச் சேர்ந்துவிட்டாலோ, இட்லியை வாயில் வைத்ததுமே கண்ணீர் வழியும். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் ‘ஏன்டே அழுத?’ என்று கேட்பார். இவையெல்லாம் பல மாதம் கழித்தே தலைகாட்டும். அதற்குள் மருத்துவமனைச் சீட்டு எங்கோ தொலைந்திருக்கும்.

பிறகு ஊரார் யோசனைதான்: பலூன் ஊது, சூயிங்கம் மெல்லு, கரண்ட் வை. முகத்தை முழு பலத்தோடு இழுத்துப் பழகினால், தவறிய இணைப்புகளே வலுப்படக்கூடும். கண் மூடிக்கொள்ளாமல் உதட்டை மட்டும் மெல்ல அசைக்க, கண்ணாடி முன் பொறுமையாகப் பழக வேண்டும். தேவைப்பட்டால் போட்டாக்ஸ் ஊசியும் உதவும்.

கனடா அரசியல்வாதி ஜான் கிரெட்டியனுக்கு இளவயதில் வந்த முகவாதம் வாயை ஒரு பக்கம் கோணலாகவே விட்டுவிட்டது. 1993 தேர்தலில் ஆளுங்கட்சி விளம்பரம் அந்த முகத்தைக் குறிவைத்தது. மக்கள் கொதித்தார்கள், விளம்பரம் நின்றது, அவர் பிரதமரானார். ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்று சேலை விரிக்கும் பெண்ணுக்கு அப்படி ஒரு கூட்டம் துணைக்கு வராது.

2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வருகிறது. அதன் பயனாளிகள் பட்டியலில் முகவாதம் வந்தவர்களையும் சேர்க்க வேண்டும். ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனையானாலும் வண்ணார்பேட்டைத் தனியார் மருத்துவமனையானாலும், முதல் நாள் சீட்டிலேயே மூன்றாம் மாதம் வரவேண்டிய தேதியை எழுதிக் கொடுக்கலாம், அதற்குச் செலவில்லை. அன்று கண் சரியாக மூடுகிறதா, கருவிழி காய்ந்திருக்கிறதா, சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா என்று பார்க்கட்டும். அசைவே திரும்பாதவர்களுக்கும் மறுபடி மறுபடி வருகிறவர்களுக்கும் நரம்பை ஏதாவது கட்டி அழுத்துகிறதா என்று ஸ்கேன் எடுக்கட்டும்.