வட்டி குறைந்தால் பங்கு வாங்கலாமா?

2025-ம் ஆண்டில் ரிசர்வ் பாங்கி தன் கடன் வட்டியை 4 முறை குறைத்தது. 6.50 சதவிகிதமாக இருந்தது 5.25 ஆயிற்று. பாங்கிகளும் டிபாசிட் வட்டியைக் குறைத்தன.

புதுக்கோட்டையானாலும் அறந்தாங்கியானாலும், வட்டிப் பணத்தில் குடும்பம் நடத்தும் முதியோருக்கு இது கஷ்டம். லாப ஈவு தரும் கம்பெனிப் பங்குகள் பக்கம் கண் போவது இயற்கை.

கணக்கைப் பாருங்கள். 100 ரூபாய் விலையுள்ள பங்குக்கு ஆண்டு ஈவு 6 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பாங்கி வட்டி 7 என்றால், ஈவுக்காக அதை நாடுவோர் குறைவு. வட்டி 5 ஆனால், போட்டி போட்டு வாங்குவார்கள். விலை 120 ஆகலாம். ஈவு அதே 6 ரூபாய்தான்! பிந்தி வந்தவருக்கு நூற்றுக்கு 5 தான் கிடைக்கும்.

அந்த ஈவும் நிச்சயம் அல்ல. 2020-ல் கொரோனா பரவியபோது, ரிசர்வ் பாங்கி வட்டியை 4 சதவிகிதமாகக் குறைத்தது. அதே ஆண்டில், 2019-20 லாபத்தில் மேற்கொண்டு ஈவு கொடுக்கக் கூடாது என்று பாங்கிகளுக்கு உத்தரவும் போட்டது. வட்டியும் குறைந்தது; பாங்கிப் பங்குகளின் ஈவும் நின்றது!

ஒரு பாங்கியில் ஒருவர் போட்ட டிபாசிட்டுக்கு, வட்டியும் சேர்த்து 5 லட்சம் ரூபாய் வரை இன்ஷூரன்ஸ் உண்டு. பங்குக்கு அது இல்லை.

மிச்சப் பணத்தில் பங்கு வாங்கலாம். அரிசிக்கும் மருந்துக்கும் வைத்த பணம் பாங்கியிலேயே இருக்கட்டும்.