பழைய லேப்டாப்புக்குப் புது ஓ.எஸ்... முதல்ல வைஃபை எடுக்குதானு பாருங்க!

விண்டோஸ் 10-க்கான வழக்கமான சப்போர்ட்டை 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொண்டது. சரி, விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால், டி.பி.எம் 2.0 வசதி வேண்டும், புராசஸரும் அவர்கள் பட்டியலில் இருக்க வேண்டும். 'நல்லாத்தானே ஓடுது, இதை எதுக்குத் தூக்கிப்போடணும்?' என்று நீங்கள் கேட்பது நியாயம்தான். உடனே யாராவது, 'இலவச ஓ.எஸ் ஏதாவது போட்டுக்கோங்க' என்பார்கள். பெரும்பாலும் லினக்ஸைச் சொல்வார்கள். கொஞ்சம் ஆர்வக்கோளாறு உள்ளவர்கள் 'ஹைக்கு' என்பார்கள்.

ஹைக்கு, தன்னார்வலர்கள் எழுதும் ஓ.எஸ். 'பீஓஎஸ்' என்ற சிஸ்டத்தை உருவாக்கிய நிறுவனம் 2001-ல் தன் சொத்துகளை 'பாம்' நிறுவனத்திடம் விற்றபோது, அதன் ரசிகர்கள் 'நாமே எழுதிடலாம்' என்று இறங்கினார்கள். 2024 செப்டம்பரில் வந்தது ஐந்தாவது பீட்டா. முதல் முழுப் பதிப்பு இன்னும் வரவில்லை!

சோம்பேறித்தனமா? இல்லை. சந்தையில் எத்தனை வைஃபை சிப், எத்தனை சவுண்டு கார்டு... ஒவ்வொன்றுக்கும் தனி டிரைவர் வேண்டும். பெரிய நிறுவனங்களுக்குச் சிப் தயாரிப்பாளரே டிரைவர் எழுதித் தருவார். தன்னார்வலர்களுக்கு யார் தருவார்? அதனால் ஹைக்கு குழு புத்திசாலித்தனமான ஒரு காரியம் செய்தது. நெட்வொர்க் டிரைவர்களில் பெரும்பாலானவற்றைத் தானே எழுதாமல், ஃப்ரீபிஎஸ்டி, ஓப்பன்பிஎஸ்டி சிஸ்டங்களின் டிரைவர்கள் அப்படியே ஓடும்படி நடுவில் ஓர் அடுக்கைக் கட்டியது. இரவல்தான், ஆனால் வேலை நடக்கிறதே! கிராபிக்ஸில் இந்த வழி கைகொடுக்கவில்லை. கார்டின் முப்பரிமாண வேகத்தைப் பயன்படுத்தும் வசதி ஐந்தாவது பீட்டாவிலும் கிடையாது. கேம் பிரியர்கள் இங்கேயே கழன்றுகொள்ளலாம்.

அடுத்தது, ஆப்களைப் பேக்கேஜாகக் கட்டித் தருவது. கேட்க சாதாரணமாக இருக்கும். ஆனால், 2012 நவம்பர் ஆல்ஃபாவுக்கும் 2018 செப்டம்பர் பீட்டாவுக்கும் நடுவே கிட்டத்தட்ட ஆறு வருடங்கள் போனதற்கு, பேக்கேஜ் முறையை மாற்றி அமைத்ததும் முக்கியக் காரணம். இப்போது ஓர் ஆப் என்றால் ஒரே ஃபைல். அதை எங்கும் பிரித்துக் கொட்டுவதில்லை. ஃபோல்டரில் போட்டால் ஆப் வந்துவிடும், எடுத்தால் போய்விடும். அப்டேட் சொதப்பினால், பூட் மெனுவிலேயே பழைய நிலையைத் தேர்ந்தெடுக்கலாம். என்னைக் கேட்டால், அந்த ஆறு வருடங்கள் வீணில்லை.

ஆனாலும், பேக்கேஜ் கட்ட ஆள் வேண்டுமே! நீங்கள் தினமும் பயன்படுத்தும் ஆப்பை யாராவது ஒருவர் தன் ஓய்வு நேரத்தில் ஹைக்குவுக்கு ஏற்றபடி மாற்றியிருந்தால்தான் உங்களுக்குக் கிடைக்கும். அவருக்கு வேலை மாறினாலோ, வீட்டில் குழந்தை பிறந்தாலோ, அந்த ஆப் அப்படியே நிற்கும். இலவச ஓ.எஸ் பற்றிப் பேசுகிறவர்கள் இதை மட்டும் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

எனவே, '384 எம்.பி ராம் போதும்' என்பதைக் கேட்டு ஹார்டு டிஸ்க்கை அழித்துவிடாதீர்கள். ஹைக்குவோ லினக்ஸோ, முதலில் பென் டிரைவில் போட்டு பூட் செய்யுங்கள். வைஃபை எடுக்கிறதா, சத்தம் வருகிறதா, லேப்டாப்பை மூடித் திறந்தால் விழித்துக்கொள்கிறதா, பிரின்டர் அசைகிறதா, தமிழில் டைப் செய்ய முடிகிறதா? ஒரு வாரம் அதிலேயே வேலை பாருங்கள். வைஃபை எடுக்கவில்லை என்றால், உங்கள் சிப்பின் பெயரைக் குறித்து அந்தக் குழுவுக்கு எழுதிப்போடுங்கள். அடுத்து எந்த டிரைவரைக் கையில் எடுக்கலாம் என்று யோசிக்கும்போது, அவர்கள் புரட்டிப் பார்ப்பது அந்தப் புகார்களைத்தான்.